மஞ்சக்காட்டு ஆடியோ குரூப்பின் பாகப்பிரிவினை

கவிப்பிரியாவின் குரலைப் பங்கு பிரித்த அன்று அவளும் அங்கேதான் இருந்தாள். வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை போடலாமா என்று அவள் எல்லோரையும் கேட்டாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

குரலை எப்படி ஐயா பங்கு பிரிப்பது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். திருப்பூரில் யாரும் கேட்கவில்லை. பனியனில் கை தனி, காலர் தனி, உடம்பு தனி என்று மூன்று ஊரில் தைத்து நான்காவது ஊரில் ஒட்டுகிறவர்களுக்கு எதைப் பிரித்தாலும் ஆச்சரியம் வராது. ஆனாலும் முன்கதையைச் சொல்லிவிடுவது நல்லது.

கவிப்பிரியாவின் கணவன் மகுடேஸ்வரன் பனியன் துணியில் படம் அச்சடிக்கிற ஒரு பிரிண்டிங் யூனிட் வைத்திருந்தான். அவளுடைய தம்பி சசிகுமார் அந்த யூனிட்டுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாமனும் மச்சினனும் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான், அவ்வளவு ஒற்றுமை. கவிப்பிரியாவின் பிறந்த வீட்டுக் குலதெய்வம் கல்லாங்காட்டு அம்மன். அந்தக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தபோது ஸ்பீக்கரில் போடுவதற்கு அம்மன் பெயரில் ஒரு பாட்டு இல்லை. வேறு ஊர் அம்மன்களின் பாட்டையே மூன்று நாளும் போட்டார்கள்.

"ஊரான் ஊட்டு ஆத்தா பாட்டையே எத்தன நாளைக்குங்க மாமா போடறது? நம்ம ஆத்தாளுக்குக் கோவம் வராதுங்களா?" என்று சசிகுமார் கேட்டான்.

அம்மனுக்குக் கோபம் வந்ததோ என்னவோ, மகுடேஸ்வரனுக்கு யோசனை வந்தது. யூனிட்டுக்குப் பின்னால் துணி வைக்கும் குடோன் ஒன்று காலியாகக் கிடந்தது. சத்தம் உள்ளே வராமல் இருக்கச் சுவர் முழுக்கப் பனியன் வேஸ்ட்டை மூட்டை மூட்டையாக அடுக்கிக் கட்டினார்கள். ஒரு மைக் வாங்கினார்கள். பாடுவதற்கு ஆள் தேடி அலையவில்லை. கவிப்பிரியா பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டிகளில் எவர்சில்வர் டம்ளர்களாக வாங்கிக் குவித்தவள். அந்த டம்ளரில்தான் மாமனும் மச்சினனும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மெஷினெல்லாம் நிற்கிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பாடினாள். பாட்டு நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று சொல்வது குறைவு. கோயிலில் அதைப் போட்டபோது பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பானையை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தார்கள்.

கொங்கு நாட்டுக் கவுண்டர்கள் குலத்தைக் கூட்டம் என்பார்கள்; எத்தனை கூட்டமோ அத்தனை குலதெய்வம். ஒரு கூட்டத்துக்குப் பாட்டு வந்துவிட்டால் அடுத்த கூட்டம் சும்மா இருக்குமா? மறு மாதமே வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். "அவங்க ஆத்தாளுக்குப் போட்ட மாதரயே எங்க அப்பனுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க, ஆனா அதவிடக் கொஞ்சம் எச்சா இருக்கோணும்" என்றார்கள். மெட்டு ஒன்றுதான், சாமி பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் மாறும். ஒரே பனியனில் நெஞ்சிலிருக்கும் படத்தை மட்டும் மாற்றி முப்பது கம்பெனிக்கு அனுப்புகிற ஊரில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சாமிகளும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

கவிப்பிரியா மட்டும் ஒவ்வொரு சாமிக்கும் புதிதாகப் பாடினாள். மெட்டு ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் தன் வீட்டுச் சாமியாக நினைத்துக்கொண்டுதான் மைக் முன்னால் நிற்பாள். பனியன் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே, கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிற அந்த நேரத்தில் சோறு ஆச்சா, சட்டை தேய்த்தாச்சா என்று யாரும் அவளைக் கூப்பிட முடியாது. உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு நேரம்தான். அதற்காக அவள் எத்தனை சாமியை வேண்டுமானாலும் பாடத் தயாராக இருந்தாள்.

கம்பெனிக்கு மஞ்சக்காட்டு ஆடியோ என்று பெயர் வைத்தார்கள். யூடியூபில் சேனல் வளர்ந்தது. மூலனூரில் முருங்கைக்காய் மண்டி வைத்திருந்த நல்லான் என்பவர் பொழுது போகாமல் காதுகுத்துப் பாட்டுக் கம்பெனி ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். அதை வாங்கினார்கள். கணியூரில் ஒருவர் வள்ளி கும்மிப் பாட்டுகள் போட்டுக்கொண்டிருந்தார். அதையும் வாங்கினார்கள். கைவசம் மூன்று கம்பெனி ஆனதும் போர்டில் 'குரூப்' என்று ஒரு சொல் சேர்ந்தது. போர்டு எழுதியவன் இடம் பத்தாமல் அதைக் கொஞ்சம் மடக்கி எழுதியிருந்தான். அதற்கப்புறம் மகுடேஸ்வரன் மஞ்சள் பையைக் கைவிட்டு லேப்டாப் பை தூக்க ஆரம்பித்தான். லேப்டாப் சசிகுமாரிடம் இருந்தது.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதை இல்லை. ஐந்தாம் ஆண்டு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்.

ஃப்ளெக்ஸில் சசிகுமார் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஆளுயரத்துக்கு நின்றான். மகுடேஸ்வரன் மூலையில், பாஸ்போர்ட் சைஸில், குலதெய்வத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தான். டிசைன் பண்ணிய பையன் தப்பு என்றான் சசிகுமார். டிசைன் பண்ணச் சொன்னவன் தப்பு என்றான் மகுடேஸ்வரன். குரூப்பை யார் வளர்த்தது என்ற கேள்வி வந்தது. மைக் வாங்கியது யார், குடோன் யாருடையது, யார் வண்டியில் யார் பெட்ரோல் போட்டது என்று பேச்சு வளர்ந்தது. பத்து நாளில் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதை நிறுத்திவிட்டார்கள். கவிப்பிரியாவின் படம் அந்த ஃப்ளெக்ஸில் எங்குமே இல்லை. அதைப் பற்றிச் சண்டை ஏதும் வரவில்லை.

பாகம் பிரிப்பதற்குக் கவிப்பிரியாவின் பெரியப்பா அய்யாசாமியைக் கூப்பிட்டார்கள். தோட்டம், கிணறு, தென்னைமரம், மாட்டுச்சாளை என்று சுற்றுவட்டாரத்தில் அவர் பிரித்துக் கொடுக்காத சொத்து இல்லை. அவர் பிரித்த பாகத்தை எதிர்த்து யாரும் கோர்ட்டுக்குப் போனதும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு, வேலையை ஆரம்பித்தார்.

மூலனூர் கம்பெனி ஒருவருக்கு, கணியூர் கம்பெனி ஒருவருக்கு. குடோன் மகுடேஸ்வரனுக்கு, சேனல் சசிகுமாருக்கு. எல்லாம் மளமளவென்று முடிந்தது. கடைசியில் பாட்டுகள் மிஞ்சின. பாதிக்குப் பாதி பிரிக்கலாம் என்றால் நன்றாக ஓடுகிற சாமிகள் யாருக்கு, ஓடாத சாமிகள் யாருக்கு என்று தகராறு. ஓடாத சாமி என்று எந்தச் சாமியையும் சொல்லக்கூடாது என்று அய்யாசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் கம்ப்யூட்டர் பார்க்கிற பையன் வாயைக் கொடுத்தான். ஒவ்வொரு பாட்டும் கம்ப்யூட்டரில் இரண்டாகத்தான் இருக்கிறது, குரல் தனியாக, இசை தனியாக என்று சொன்னான்.

அய்யாசாமியின் முகம் தெளிந்தது. "அப்பறம் என்ன சாமி? கொரல் ஒரு பங்கு, மேளதாளம் ஒரு பங்கு. பெரியவன் பங்கு வெக்கோணும், சின்னவன் மொதல்ல எடுக்கோணும். அதான மொறை. சசி, நீ எடு."

"எங்கக்கா கொரலு எனக்குத்தானுங்க பெரியப்பா" என்றான் சசிகுமார், கொஞ்சமும் யோசிக்காமல்.

கவிப்பிரியாவுக்கு அந்த நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. எத்தனை இருந்தும் தம்பி தன் குரலைத்தான் கேட்டான் பார் என்று நினைத்தாள். அந்தப் பெருமை டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கிற வரைக்கும் இருந்தது.

ஏனென்றால் மகுடேஸ்வரன் அடுத்த கேள்வியைக் கேட்டான். "பாடுன பாட்டு சரிங்க. இனிமேப் பாடற பாட்டு?"

அய்யாசாமி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "கெணறு ஒருத்தன் பங்குக்குப் போச்சுன்னா இனி ஊறுற தண்ணி யாருக்கு? கெணத்துக்காரனுக்குத்தான. இதையெல்லாமா மாப்பள்ள கேப்பாங்க?"

நியாயம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். வக்கீல் டைப் அடித்துக் கொண்டுவந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. சமையல்கட்டிலிருந்து கவிப்பிரியாவைக் கூப்பிட்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டாள்.

கிணறு தம்பிக்குப் போய்விட்டது. ஆனால் கிணற்றுக்குப் போகிற தடம் கணவன் வீட்டில் இருந்தது. கொங்கு நாட்டில் தடத் தகராறு தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்திருந்தும் இதை யாரும் யோசிக்கவில்லை. சசிகுமார் புதுப் பாட்டு எடுக்க வேண்டுமென்றால் அக்கா வர வேண்டும். மகுடேஸ்வரன் அனுப்பவில்லை. மகுடேஸ்வரன் தன் மேளதாளத்துக்கு வேறொரு பெண்ணைப் பாடவைத்தான். "எல்லாஞ் சரீங்க, மொதல்ல பாடுன புள்ள கொரலு இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு ஆர்டர்காரர்கள் எழுந்து போனார்கள். சசிகுமார் பழைய குரலுக்கு அடியில் கீபோர்டில் ஏதோ வாசிக்க வைத்துப் போட்டான். அதைக் கேட்டவர்களுக்கு அம்மன் லிஃப்ட்டில் வருவதுபோல் இருந்தது. நல்லான் தன் கம்பெனியை விற்ற விலையைவிடக் குறைத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு முருங்கைக்காய்க்குப் போய்விட்டார். கணியூர்க்காரர் அதைக்கூடச் செய்யவில்லை. போர்டில் மடக்கி எழுதிய 'குரூப்' மட்டும் அழியாமல் இருந்தது.

கம்பெனி போனதில் கவிப்பிரியாவுக்கு வருத்தமில்லை. பாட்டுப் போனதில்தான் உயிர் போனது. மகள் நித்யஸ்ரீ ஒருநாள் அம்மா தோசை சுடும்போது பாடியதைச் செல்ஃபோனில் பிடித்து ரீல்ஸ் போட்டாள். மறுநாளே மாமன் சசிகுமாரின் சேனலிலிருந்து அதற்குக் காப்பிரைட் ஆட்சேபம் வந்து ரீல்ஸைத் தூக்கிவிட்டார்கள். அன்று மகுடேஸ்வரன் வீட்டில் ஒரு சட்டம் போட்டான்.

"ஊட்டுல பாடாதே கவி. நம்ம ஊட்ல பாடி அவனுக்கு எதுக்குச் சேரோணும்?"

அவள் தம்பிக்கு ஃபோன் செய்தாள். "சும்மா வேலை செய்யறப்பப் பாடிக்கலாமா தம்பி?"

"தாராளமாப் பாடுக்கா. ஆனா மாமா பக்கத்துல ஃபோனோட நிக்கறாரான்னு பாத்துக்க. பதிவு பண்ணி மேளத்த வெச்சு ஒட்டிப்போடுவாரு."

பாடுவதற்குத் தன் வீட்டிலேயே அக்கம்பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டுப் பாடிப் பார்த்தாள். திருடுவதுபோல் இருந்தது, நிறுத்திவிட்டாள். கோயிலில் கும்மிக்குப் பெண்கள் கூப்பிட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். ஒன்றரை வருடமாகத் தொண்டை கட்டியிருந்தது. அவள்மேல் பிரியமுள்ளவர்கள் மிளகுப் பால், சித்தரத்தை, பனங்கற்கண்டு என்று வீட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். கணவன்மேல் வந்த கோபத்தைவிடத் தம்பிமேல் அவளுக்குக் கோபம் அதிகமாக வந்தது. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அழுகிற குழந்தையைப் பாடித்தான் தூங்க வைத்தாள்.

சசிகுமாருக்கு வயது முப்பத்தைந்தைத் தொட்டது. இந்தப் பக்கத்தில் எக்ஸ்போர்ட் ஆர்டர் கிடைத்தாலும் கிடைக்கும், பெண் கிடைக்காது. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலையாத ஊரில்லை. கடைசியில் தேவிப்பிரியா என்ற பெண் சரி என்றாள். சரி என்றதும் எல்லாம் வேகமாக நடந்தது. பெண் வீட்டார் மனசு மாறுவதற்குள் மண்டபம் பிடித்தார்கள்.

கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளும் சேர்ந்து செய்ய வேண்டும். பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடிக்க, மறுமுனையை அக்காளோ தங்கையோ பிடித்து நிற்பாள். அவள் விட்ட பிறகுதான் சேலை பெண்ணுக்குப் போகும், பெண் அதைக் கட்டிக்கொண்டு மணவறைக்கு வருவாள். சசிகுமாருக்கு ஒரே அக்கா.

அனுப்பமாட்டேன் என்று சொல்ல மகுடேஸ்வரனால் முடியவில்லை. சொல்லியிருந்தால் சொந்தத்தில் ஒருத்தன்கூட அவனுக்குத் தண்ணீர் கொடுக்கமாட்டான். "போலாம். சீரு செய். ஆனா வாயத் தெறக்காதே" என்றான். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அவனும் வந்தான்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது கவிப்பிரியாவை முதலில் வரவேற்றது அவள் குரல்தான். ஸ்பீக்கரில், கீபோர்டு சகிதமாக, கல்லாங்காட்டு அம்மனை அழைத்துக்கொண்டிருந்தது. "உன்ற பாட்டுத்தான் கண்ணு! எத்தன அருமையா இருக்குது" என்று ஒரு சின்னம்மா கன்னத்தைத் தடவினாள். கவிப்பிரியா ஆமாங்க என்றாள். மனசுக்குள் எதுவோ பற்றிக்கொண்டது.

சீருக்கு உட்கார வைத்தார்கள். சீர் நடத்தி வைக்கிற அருமைக்காரர் சேலையைப் பிரித்து ஒரு முனையைச் சசிகுமார் கையில் கொடுத்தார், மறுமுனையை அவள் கையில் கொடுத்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். சுற்றிச் சொந்தம் முழுக்க நின்றது. பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். சத்தம் அடங்கியது.

"சரி கண்ணு, உடு. பொண்ணு சேலை கட்டோணும்" என்றார் அருமைக்காரர்.

அவள் விடவில்லை.

"கண்ணு, சேலைய உடு."

"அக்காளுக்குத் தம்பி என்னுங்க சீரு செய்யறான்?" என்று கேட்டாள். சத்தமில்லாமல்தான் கேட்டாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

சசிகுமார் சிரித்தான். "பட்டுச் சேலை எடுத்துருக்கறேன்க்கா. மோதரம் இருக்குது. உனக்கு இல்லாததா?"

"அதெல்லாம் வேண்டாம். என்ற கொரலக் குடு."

சசிகுமாரின் சிரிப்பு பாதியில் நின்றது. "அதெல்லாம் பத்தரத்துல இருக்குதுக்கா. அப்பறமாப் பேசிக்கலாம்."

"அப்பறம் பேச இத்தன சனம் இருக்காது சசி."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அய்யாசாமி முன்னால் வந்தார். தான் பிரித்த பாகம் கலைவதை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. "பங்கு போன கெணத்தத் திருப்பிக் கேக்கற வழக்கம் நம்ம பக்கத்துல இல்லே கண்ணு."

"கெணத்துக்கு வாய் இல்லீங்க பெரியப்பா. எனக்கு இருக்குது. அன்னிக்கு நீங்க யாரும் கேக்கலே, நானும் சொல்லலே. டீ ஊத்திட்டு இருந்தனுங்க. இப்பச் சொல்றேன், என்ற கொரல யாரு பங்குலயும் வெக்கறதுக்கு எனக்கு இஷ்டமில்லீங்க."

சேலையின் முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அருமைக்காரர் தாடையைத் தடவிக்கொண்டு, "இணைச்சீர்ல கூடப்பொறந்தவ கேட்டு இல்லேன்னு சொன்ன வழக்கமும் இல்லீங்க" என்றார். அய்யாசாமி அவரை முறைத்தார். முறைத்தாலும் அது வழக்கம்தான்.

முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏனுங்க, சேலை வருமுங்களா, வராதுங்களா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதையைக் கேட்டதும் சசிகுமாருக்கு வேர்த்துவிட்டது.

"எடுத்துக்கக்கா. உன்ற கொரல் உனக்கே. எல்லாருமு சாட்சி" என்றான். கண் கலங்கிச் சொன்னான் என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு. அவன் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

மகுடேஸ்வரன் மூன்றாவது வரிசை நாற்காலியிலிருந்து எழுந்தான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைக் கவிப்பிரியா கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. "அப்பறம் என்னுங்க! ஞாயித்துக்கெழமயே ரெக்கார்டிங் வெச்சுக்கலாம். குடோன் காலியாத்தான் இருக்குது" என்றான்.

"உங்களுக்கும் இல்லீங் மாமா. நீங்க மேளத்த வெச்சுக்குங்க. நான் வரோணும்னா என்னையக் கேக்கோணும்."

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகுடேஸ்வரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"பாடு கண்ணு. ரண்டு வரி பாடிட்டு உடு" என்றாள் கன்னத்தைத் தடவிய சின்னம்மா.

கவிப்பிரியா பாடினாள். கல்லாங்காட்டு அம்மன் பாட்டைத்தான் எடுத்தாள். முதல் அடியிலேயே குரல் உடைந்தது. ஒன்றரை வருடம் பூட்டிக் கிடந்த தொண்டை. மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போனது, மூச்சு நடுவழியில் நின்றது. கொஞ்ச நேரத்துக்கு முன் ஸ்பீக்கரில் கேட்ட குரலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். சவுண்ட் செட்டுக்காரன் ரெக்கார்டைப் போட்டுவிடட்டுமா என்று சசிகுமாரிடம் சைகையில் கேட்டான். சசிகுமார் அக்காவைப் பார்த்தான். அவள் பாடிக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டினாள்.

இரண்டாவது அடி இன்னும் மோசமாக இருந்தது. "சுருதி போயிருச்சு" என்று மகுடேஸ்வரன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. போய்விட்டதுதான். அது அவளுக்கே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. எத்தனை சந்தோஷம் அது என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தப் பிசிறும் அந்தத் தப்பும் முழுக்க அவளுடையவை, அதில் ஒருத்தருக்கும் பாகம் கிடையாது. பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கவிப்பிரியா கடைசி அடி வரைக்கும் பாடி முடித்துவிட்டுத்தான் சேலையை விட்டாள்.